பீலியடியும் கடல் நீராட்டும்



அப்புத்தளை நகரம் ஒடுங்கிய மலைமுகடு ஒன்றின்மீது அமர்ந்திருக்கின்றது. அம்முகட்டின் வடபுறத்தே பெய்யும் மழை வெலிமடைப் பள்ளத்தாக்கில் இறங்கி, உமா ஓயாவிற் கலந்து, மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைக் கடலை அடைகின்றது. தென்புறத்தே பெய்யும் மழையோ செங்குத்தான சரிவுகளில் அருவிகளாக வீழ்ந்து, வளவை ஆற்றின் வழியாகவும் கிரிந்தி ஓயாவின் வழியாகவும் தென்கடலுக்குச் செல்கின்றது. ஒரே மேகம் பொழிந்த நீர், ஒரு வீட்டுக் கூரையின் இரு தாழ்வாரங்களில் வழிவதுபோல, இரண்டு கடல்களுக்குப் பிரிந்து போகும் இடம் அது. வானம் தெளிந்த காலை வேளையில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,430 மீற்றர் மேலே நின்று தெற்கே நோக்குவோர், வெல்லவாயச் சமவெளிக்கு அப்பால், நேர்கோட்டில் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அம்பாந்தோட்டைக் கடலை ஒரு வெள்ளிக் கம்பி போலக் காண்பர்.

இக்காட்சியைக் காண்பதற்கென்றே பிறநாட்டார் பெரும்பொருள் செலவிட்டு வருகின்றனர். தம்பேத்தன்னை மலையுச்சியில் சேர் தோமஸ் லிப்டன் அமர்ந்து பார்த்த இடம் என்று ஓர் இருக்கையே காட்டப்படுகின்றது. ஆனால், அதே மலையில் நாள்தோறும் கொழுந்து பறிக்கும் பெண்களுள், அக்கடலைக் கண்ணாற் கண்டும் காலால் தொட்டறியாதவர் எத்தனையோ பேர். பார்வைக்கு அண்மையில் இருப்பது வாழ்க்கைக்கு எட்டாத தொலைவில் இருத்தல் மலையகத்திற் புதுமையன்று.

கடல் என்னும் சொல், மலைநாட்டுத் தமிழரின் வீடுகளில் நெடுங்காலமாகப் பிரிவைக் குறிக்கும் சொல்லாகவே வழங்கி வந்தது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் அவர்தம் முன்னோர் பாக்கு நீரிணையைக் கடந்தே வந்தனர். 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியபின் அப்பயணம் சில மணி நேரத்துக்குள் அடங்கிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின், வந்த வழியே மீண்டும் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறியோர் பல இலட்சம் பேர். அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறுகரையிலுமாக நின்ற குடும்பங்களுக்குக் கடல் வேறு எவ்வாறு தோன்றியிருக்கும்?

அதே கடல், உலகின் வேறு பல கரைகளில், மனிதர் நாள்தோறும் காலையிற் கூடும் முற்றமாக விளங்குகின்றது என்பதைக் கேட்கும்போது ஒருவகை வியப்பு எழுவது இயல்பே. சூரியன் எழும் வேளையில் பத்துப் பேரோ ஐம்பது பேரோ ஓரிடத்திற் சேர்ந்து, ஒன்றாகக் கடலில் இறங்கி, ஒன்றாக நீந்தி, ஒன்றாகக் கரையேறி, ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டுத் தத்தம் தொழிலுக்குப் போகின்றனர். இதில் பந்தயம் இல்லை, பரிசும் இல்லை. ஆயினும் ஆண்டுக்கணக்காக ஒரு நாளும் தவறாது வருவோர் உண்டு. அவர்களை அவ்வாறு கட்டி நிறுத்துவது எது?

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரில் 1860ஆம் ஆண்டிலேயே கடல் நீச்சலுக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. அது இன்றும் இருக்கின்றது. அங்கே குளிர்காலத்தில் கடல் நீரின் வெப்பநிலை ஏழெட்டுப் பாகை சென்ரிகிரேட் அளவுக்கு இறங்கிவிடும். மார்கழி மாதத்து அப்புத்தளைப் பீலித் தண்ணீர் அதனோடு ஒப்பிடுமிடத்து வெந்நீர் என்றே சொல்லத்தகும். அத்தகைய நீரில் மனித உடல் மூழ்கும் கணத்தில், நெஞ்சு தன் வசமின்றித் திடுக்கென்று மூச்சை உள்ளே இழுக்கின்றது, அடுத்து மூச்சு மிக விரைந்து வாங்குகின்றது, இதயம் படபடக்கின்றது. முதல் அரை நிமிடத்தில் உச்சத்தை அடையும் இவ்வதிர்ச்சி, இரண்டு மூன்று நிமிடங்களில் தணிகின்றது. அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் அஞ்சித் துடிப்பவனே நீரை விழுங்குகிறான். பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, “பொறு, மூச்சை மெல்ல விடு, இது போய்விடும்” என்று சொல்லுவாராயின் அச்சம் பாதியாகிவிடும். ஐந்தாறு முறை இறங்கிய பின்னர் அவ்வதிர்ச்சியின் கடுமையே குறைந்துவிடுகின்றது என்பது உடலியல் அறிஞர் ஆய்ந்து கண்ட உண்மை. ஆகவே, புதிதாக வருபவனுக்கு முதல் வாரத்திலே தேவைப்படுவது தோள்வலி அன்று, துணை. இக்குழுக்களின் நட்பு இங்கேதான் வேர்கொள்கின்றது.

கரையேறியபின் அருந்தும் தேநீருக்கும் இத்தகைய காரணம் ஒன்று உண்டு. குளிர்நீரை விட்டு வெளியே வந்த பின்னரும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகும். நீரில் இருந்தபோது நன்றாக இருந்தவன் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கையில் நடுங்கத் தொடங்குவது இதனால்தான். உடனே ஈரம் துடைத்து, உலர்ந்த ஆடை அணிந்து, சூடாக ஏதேனும் அருந்துதல் வேண்டும். நடுங்கும் விரல்களால் பொத்தான் பூட்ட இயலாதவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் பூட்டி விடுகின்றான். அவன் நீதவானாக இருக்கலாம், மீன் விற்பவனாகவும் இருக்கலாம். நனைந்த உடம்பில் பதவியின் அடையாளம் எதுவும் இல்லை. அந்தக் குடுவையிலிருந்து ஊற்றப்படும் தேநீரில் ஊவா மலைக் கொழுந்தும் கலந்திருக்கக்கூடும் என்பதைக் குடிப்பவர் நினைப்பதில்லை. பறித்தவரும் அறிவதில்லை. 1890ஆம் ஆண்டில் லிப்டன் இம்மலைகளில் தோட்டம் வாங்கிய நாள் முதலாக அப்புத்தளைக்கும் ஆங்கிலேயரின் காலைக் கோப்பைக்கும் உள்ள உறவு அத்தகையது.

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில், பொண்டைக் கடற்கரையில், 1929ஆம் ஆண்டு உயிர்காப்பாளர் சிலர் சேர்ந்து ஒரு குளிர்கால நீச்சற் கழகத்தைத் தொடங்கினர். கோடையில் பிறரைக் காக்கும் தம் உடல் குளிர்காலத்திலும் உறுதி குன்றாதிருக்க வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். பாறையை ஒட்டிக் கட்டப்பட்ட, கடலலை மோதி நிறைக்கும் குளத்தில் அவர்கள் நீந்துவர். குளிர்காலப் பருவம் தொடங்கும் நாளில் பெரிய பனிக்கட்டிகளைக் குளத்தில் எறிந்துவிட்டு இறங்குவது அவர்தம் வேடிக்கை வழக்கம். ஆனால் அவர்களின் விதி வேடிக்கையானது அன்று. உறுப்பினராக நிலைக்க விரும்புபவர், ஐந்து ஆண்டுகள், குளிர்கால மாதங்களில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மூன்று வீதம் வந்து நீந்தியாக வேண்டும். எவ்வளவு விரைவாக நீந்தினார் என்பது கணக்கில் இல்லை. வந்தாரா என்பதே கணக்கு. இது மிக நுட்பமான ஏற்பாடு. திறமையை அளந்தால் மனிதர் பிரிவர். வருகையை அளந்தால் கூடுவர். பாடசாலைகளும் சற்றே எண்ணிப் பார்க்கத் தக்கது இது.

எனினும் இக்கழகங்களின் தோழமையைப் புகழுமிடத்து, அத்தோழமைக்கு நெடுங்காலம் ஒரு வேலி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பொண்டைக் கழகம் 1995ஆம் ஆண்டு வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அண்மையில் சாண்டிகோவ் என்னும் இடத்தில் ‘நாற்பதடி’ என்று பெயர்கொண்ட நீராடுதுறை ஒன்று உண்டு. ஜேம்ஸ் ஜொய்ஸின் ‘யுலிஸஸ்’ நாவல் அத்துறையின் அருகிலுள்ள கோபுரத்திலேதான் தொடங்குகின்றது. அங்கும் ஆடவர் மட்டுமே நீராடி வந்தனர். 1974ஆம் ஆண்டு சில பெண்கள் துணிந்து சென்று அத்துறையில் இறங்கினர். எதிர்ப்பு எழுந்தது, பின்னர் அடங்கிற்று. இன்று நத்தார் நாட் காலையில் ஆணும் பெண்ணும் கூட்டமாக அங்கே குதிக்கின்றனர். எல்லோரும் சமம் என்று சொல்லப்படும் இடங்களில், அந்த ‘எல்லோரும்’ யார் யார் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் நல்லது.

பெண்களே நடத்தும் கடற்குழு ஒன்றும் உலகில் உண்டு. தென்கொரியாவின் ஜேஜு தீவில், காற்றுக் குடுவை எதுவும் இன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு பத்து மீற்றர் ஆழம் வரை மூழ்கிச் சங்கும் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் பெண்கள் ‘ஹேன்யோ’ எனப்படுவர். அவர்களுக்கு நீச்சல் பொழுதுபோக்கு அன்று; அது பிழைப்பு. அவர்களுட் பலர் இன்று அறுபது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் தனியே கடலுக்குப் போவதில்லை. கடற்கரையில் கருங்கல்லை வட்டமாக அடுக்கிக் காற்று மறைப்பு அமைத்து, நடுவே தீ மூட்டியிருப்பார்கள். அதற்குப் ‘புல்தொக்’ என்று பெயர். இறங்கு முன்னும் ஏறிய பின்னும் அவ்வட்டத்துள் அமர்ந்து உடை மாற்றுவர், குளிர் காய்வர், கடலின் போக்கை ஆராய்வர், ஊர்ப் பிணக்கைத் தீர்ப்பர், புதியவளுக்குத் தொழில் கற்பிப்பர்.

ஆழத்திலிருந்து மேலே வரும் ஹேன்யோ ஒருத்தி, அடக்கிய மூச்சை விடும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழுகின்றது. அலைக்கும் காற்றுக்கும் நடுவே அவ்வொலியைக் கேட்கும் மற்றவள், தன் தோழி உயிரோடு மேலே வந்துவிட்டாள் என்று அறிகிறாள். இன்னும் ஒரு வழக்கம் இவர்களிடையே உண்டு. கரையோரமாக ஆழங் குறைந்த கடற்பகுதி ஒன்றை ‘பாட்டியர் கடல்’ என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். முதுமையினால் ஆழத்துக்குப் போக முடியாதவர்களுக்கு அப்பகுதி உரியது. இளையவள் அங்கே மூழ்கிப் பொருள் எடுப்பதில்லை. ஓய்வூதியம் என்னும் சொல் எட்டாத ஒரு தீவில், கடலின் ஒரு துண்டையே முதியோருக்கு ஓய்வூதியமாக எழுதி வைத்த பெண்களின் அறிவை எவ்வாறு பாராட்டுவது! 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இவர்தம் பண்பாட்டை மனிதகுல மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

தமிழர்க்கு இத்தகைய கூட்டு நீராட்டு புதிதோ எனின், அன்று. மார்கழி வைகறையில் ஒருத்தி மற்றொருத்தியின் வாயிலில் நின்று துயிலெழுப்பி, எல்லோரும் கூடி நீராடப் போகும் நிகழ்ச்சியையே திருப்பாவையும் திருவெம்பாவையும் கருவாகக் கொண்டுள்ளன. அங்கே பக்திக்கு முன்னே நடப்பது தோழியை எழுப்புதல். தனியாகப் போனால் நீராட்டு நிறைவு பெறாது என்பது அக்கால மகளிரின் எண்ணம் போலும். யாழ்ப்பாணத்தின் வடகரையில், கீரிமலையில், கடலைத் தொட்டுக்கொண்டு நன்னீர்க் கேணி இருக்கின்றது. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தவர்கள் அங்கே பெருந்திரளாகக் கூடி நீராடுவர். துயரம் உடையவர்கள் ஒரே நீரில் ஒருங்கே இறங்குவதில் ஓர் ஆறுதல் உண்டு என்பதை அவ்வூரார் அறிவர்.

பாக்கு நீரிணையையே நீந்திக் கடந்த தமிழர்களும் உளர். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டில், ஒரு பகலையும் ஓர் இரவையும் கடந்து, இருபத்தேழு மணி நேர அளவில் கோடிக்கரையை அடைந்தார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971ஆம் ஆண்டில் அங்கிருந்து கோடிக்கரைக்குச் சென்று, மீண்டும் நீந்தியே திரும்பினார். அதற்கு 51 மணி நேரமாயிற்று. இடையே 1966ஆம் ஆண்டில் வங்காளத்தைச் சேர்ந்த மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். முன்னோர் கப்பலிற் கடந்த கடலை இவர்கள் கைகளாற் கடந்தனர்.

இச்சாதனைகளைத் தனி மனிதரின் வீரமாகவே உலகம் எழுதி வைத்திருக்கின்றது. அது பாதி உண்மை. நெடுந்தொலைவு நீந்துபவரின் பக்கத்தே ஒரு படகு செல்லும். நீந்துபவர் படகைத் தொடலாகாது என்பது விதி. தொட்டால் அச்சாதனை செல்லாது. ஆகவே, உணவையும் நீரையும் கைபடாமலே எட்டிக் கொடுக்க வேண்டும். இரவில் விளக்குப் பிடிக்க வேண்டும். நீரோட்டம் திசை மாறுவதை நீந்துபவர் அறியார்; படகோட்டி அறிவார். களைத்துப் போனவருக்குப் பேச்சுக் கொடுத்து மயங்காமற் காப்பதும் படகில் இருப்போர் கடமை. அவர்களும் அவ்வளவு நேரமும் உறங்குவதில்லை. ஆனால் அவர்தம் பெயர் நூல்களில் இல்லை. குமார் ஆனந்தன் 1984ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். துணை இருந்தும் கடல் சில வேளைகளில் விட்டுக் கொடுப்பதில்லை.

இனி, கடலை விட்டு மலைக்கு வருவோம். அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பகுதித் தோட்டங்களில் கடற்கரையின் இடத்தை வகித்தது பீலியடி. மேல்மலையில் ஊறும் ஊற்று நீரை, முன்னாளில் பிளந்த மூங்கிலாலும் தகரத்தாலும், பின்னாளிற் குழாயாலும் கொண்டுவந்து, லயங்களுக்குச் சற்றே கீழே ஒரு கற்சுவரிலிருந்து விழச் செய்வர். அந்த நீர்வாய்க்குப் பீலி என்று பெயர். ஒரு பீலியை இரண்டு மூன்று லயத்தார் பங்கிட்டுக்கொள்வர். வைகறையில், பெரட்டுக்குப் போகுமுன்னர், பெண்கள் அங்கே நீர் முகக்க வருவர். வரிசையில் மனிதருக்குப் பதிலாகக் குடமும் வாளியுமே நிற்கும். எவருடைய வாளி எது என்பது எல்லோருக்கும் தெரியும். மாலையில், மலையிலிருந்து இறங்கியபின், அட்டை கடித்த கால்களைக் கழுவிக் குளிப்பர். ஞாயிறு காலையிலோ பீலியடி ஒரு சந்தை. துவைகல்லில் துணி அடிபடும் ஓசையும், குளிர்ந்த நீர் தலையில் விழும்போது பிள்ளைகள் இடும் கூச்சலும் மேல் லயம் வரை கேட்கும்.

அங்கே அறியப்படாத செய்தி எதுவும் தோட்டத்தில் இருக்க முடியாது. எவருக்குப் பிள்ளை பிறந்தது, எவருக்குப் பேர் போடவில்லை, எந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்கள் என்பனவெல்லாம் முதலில் பீலியடியிலேதான் பேசப்பட்டன. இரண்டு நாள் ஒருத்தி வராவிட்டால், “மதினியைக் காணோமே, ஒடம்புக்கு முடியலையா?” என்று எவளாவது கேட்பாள். கேட்டவள் அன்று மாலையே அந்தக் காம்பராவின் வாசலில் நிற்பாள். பொண்டைக் கழகத்தார் வருகைக் குறிப்பேட்டில் எழுதிக் காத்த ஒழுங்கை, ஊவாத் தோட்டத்துப் பெண்கள் எழுத்தின்றியே காத்தனர். சடங்கான பெண்ணுக்குத் தண்ணீர் வார்த்தல், திருவிழாவிற் கரகம் பாலித்தல், இறந்தோர்க்குக் கருமாதி செய்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் ஓடும் நீர் வேண்டியிருந்தமையால், வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் மக்கள் நீரருகே கூடினர். மார்கழியிற் பஜனைக் கூட்டம் லயம் லயமாகப் பாடி வரும் தோட்டங்களில், அந்தக் குளிரிலும் விடியுமுன் தலைமுழுகி வரும் இளைஞர் குழுக்கள் இருந்தன.

பீலியடியைப் பொற்காலமாகக் காட்டுவது நேர்மையாகாது. கூரையும் மறைப்பும் இல்லாத வெளியில், குறுக்குக் கட்டிய ஈரச் சேலையோடு, வழியே போவோர் வருவோர் பார்வையில் பெண்கள் குளிக்க நேர்ந்தது. கோடையில் நீர் மெலிந்து நூலாக இறங்கும்போது, நள்ளிரவில் எழுந்து வாளி வைத்துக் காத்திருந்ததும் அவர்களே. நீருக்காக எழுந்த சண்டைகள் சில தலைமுறை கடந்தும் ஆறவில்லை. சில தோட்டங்களிற் சாதி வேற்றுமை பீலியடியிலும் தலைகாட்டிற்று. டப்ளின் துறையில் ஆடவர் இட்ட வேலியைக் கண்டு நகைப்பவர் இதனையும் மறத்தல் ஆகாது. துயரத்தைப் பங்கிட்டுக்கொண்டதனால் வளர்ந்த உறவு அது. அந்த உறவை விரும்புகிறோம் என்பதற்காக அத்துயரத்தை மீண்டும் விரும்புவார் எவரும் இலர்.

அண்மைக் காலத்தில் லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் பல எழுந்துள்ளன. வீட்டுக்கு ஒரு குழாயும், கதவுள்ள ஒரு குளியலறையும் வந்துள்ளன. இது பெரும் பேறு. எனினும் வேறொரு கவலை எழுந்திருக்கின்றது. குழாய் வந்தாலும் அதில் ஓடும் நீர் அதே மலையூற்றிலிருந்தே வரவேண்டும். மேல்மலைக் காடு அழிந்த இடங்களில் ஊற்றுக்கண் தூர்ந்து போகின்றது. உமா ஓயாத் திட்டத்துக்காக மலையைக் குடைந்தபோது, 2014ஆம் ஆண்டின் இறுதியிலும் 2017ஆம் ஆண்டிலும் சுரங்கத்துள் நீர் பெருகிப் பாய்ந்தது, பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன, மக்கள் வீதியில் இறங்கினர். பீலிக்குப் பொதுவில் உரிமை கொண்டாடிய காலத்தில், ஊற்றைச் சுற்றியுள்ள மரத்தை வெட்டினால் ஊரே கேட்கும். குழாயின் வாய் தன் வீட்டுக்குள் இருக்கும்போது, அதன் மறுமுனை எங்கே இருக்கின்றது என்பதை மனிதர் மறந்துவிடுகின்றனர்.

இவற்றையெல்லாம்விட உடனடியாக உயிரைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. பீலியில் வளர்ந்த பிள்ளைக்கு நீர் அச்சமில்லை. ஆனால் நீச்சல் தெரியாது. பீலி தலைமேல் விழும் நீர். அதில் எவரும் மூழ்குவதில்லை. கதிர்காமத்து மாணிக்க கங்கையிலும் பெரும்பாலும் இடுப்பளவு நீரே. அந்தப் பழக்கத்தோடு இளைஞர் கூட்டமாகக் கொஸ்லாந்தைக்கு அப்பால் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியின் தலைப்பிலுள்ள மடுக்களுக்குப் போகின்றனர். பாசி படர்ந்த பாறையில் ஒருவன் வழுக்குகின்றான். அவனை மீட்கக் குதித்தவனும் போய்விடுகின்றான். ஆடி மாதத்துக் கதிர்காம உற்சவத்துக்குப் போகும் பேருந்துகள் பல, திரும்பும் வழியிற் கிரிந்தையிலோ அம்பாந்தோட்டையிலோ கடல் காட்ட நிற்கின்றன. வாழ்நாளெல்லாம் மலையிலிருந்து பார்த்த கடல்! அதில் இறங்காமல் திரும்ப எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? ஆனால் அந்த மாதமே தென்மேற்குப் பருவக்காற்றினால் தென்கடல் கொந்தளிக்கும் மாதம். கரையிலிருந்து சில அடி தூரத்திலேயே ஆழம் திடீரென விழும் இடங்கள் அங்கே உண்டு.

உலகில் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுட் பாதிக்கு அண்மையானோர் 29 வயதுக்குக் குறைந்தவர்கள். அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் சபை இதுபற்றித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி, யூலை 25ஆந் திகதியை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. ஆடி உற்சவமும் அந்நாளை ஒட்டியே வருகின்றது.

காலையிற் கடலில் நீந்தும் குழுக்களிடம் மலைநாட்டார் கற்கத் தக்கது இங்கேதான் இருக்கின்றது. இறங்குமுன் அவர்கள் தலைகளை எண்ணுவர், ஏறியபின்னும் எண்ணுவர். தனியே எவரும் இறங்குவதில்லை. கடலின் நிறத்தையும் அலை உடையும் இடத்தையும் சற்று நேரம் கரையில் நின்று பார்ப்பர். இருபுறமும் அலை உடைய, நடுவே மட்டும் அலையின்றி அமைதியாகத் தோன்றும் நீர்ப்பரப்பு உண்டேல், பழகாதவன் அதனையே பாதுகாப்பான இடம் என்று தேர்ந்தெடுப்பான். உண்மையில், கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பிப் பாயும் இழுப்பு அதுவே. அதில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பினின்றும் விடுபடுவான். மூழ்குபவனை மீட்க நீச்சல் அறியாதவன் குதித்தலாகாது. கயிறோ கழியோ மூடியிட்ட வெற்றுப் பிளாஸ்ரிக் கலனோ எறிதல் வேண்டும். பேருந்து ஒன்றில் ஐம்பது பேர் போகுமிடத்து, இவற்றை அறிந்தவர் இருவர் இருந்தாலே போதும். தோட்டப் பாடசாலைக்கு நீச்சற் குளம் கட்டும் நாள் அண்மையில் இல்லை. மூச்சடக்கி மிதக்கக் கற்றுக்கொடுப்பதற்கோ குளம் வேண்டியதில்லை; ஆழம் அறிந்த, இடுப்பளவு ஓடைநீரும், பக்கத்தே நிற்கும் பழகிய கை ஒன்றும் போதும்.

தனிவீடுகள் எழுந்த தோட்டங்களிலும் பீலிகள் முற்றாகக் கைவிடப்படவில்லை. குழாயிற் சொட்டும் நீரில் கம்பளியை அலச முடியாது. ஆகவே, வெயில் கண்ட ஞாயிறுகளில், கம்பளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் பழைய பீலிக்கு இறங்குகின்றனர். கனத்த ஈரக் கம்பளியை ஒருத்தி தனியே பிழிய இயலாது. இரு முனையிலும் இருவர் பிடித்து எதிரெதிராக முறுக்குகின்றனர். நீர் வழியும்வரை பேச்சும் நடக்கின்றது.